எடை குறைந்த கிட் காரின் பிரேக்கைப் பந்தயத் தட ஓட்டத்திற்கு மேம்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வகைக் காரைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் காரின் வழியில் வந்தவை, அதாவது இரும்புக் குழாய்ச் சட்டகம், முன்பக்க எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கைகள், ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ அளவில் நிற்கும் எடை ஆகியவற்றைக் கொண்ட கார்களே இங்கே மனதில் உள்ளன. கிட் கார் என்பது பாகங்களாக வாங்கி உரிமையாளரே கோத்துக் கட்டும் கார். இவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பழைய சாதாரணக் காரிலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு கட்டப்படுகின்றன. அந்தப் பழைய காரை இனி மூலக் கார் என்று குறிப்பிடுகிறேன். ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) இல்லை, பெரும்பாலும் சர்வோவும் (காலின் விசையைப் பெருக்கித் தரும் கருவி) இல்லை என்று வைத்துக்கொண்டே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

சாலையில் கச்சிதமாக நிற்கும் கார் தடத்தில் நான்கைந்து சுற்றுகளுக்குள் பிரேக்கை இழப்பது ஏன்?

சாலையில் ஒருமுறை பிரேக்கை அழுத்தினால் அடுத்த அழுத்தத்திற்கு நெடுநேரம் ஆகும், அதற்குள் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) ஆறிவிடும். தடத்தில் அந்த இடைவெளி சில விநாடிகளாகச் சுருங்கிவிடுகிறது. 600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு இறங்கும்போது ஏறத்தாழ 510 கிலோஜூல் இயக்க ஆற்றல் மூன்று விநாடிகளுக்குள் வெப்பமாக மாறுகிறது. அதில் பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்கள் ஏற்கின்றன என்று கொண்டால், 4 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒவ்வொன்றின் வெப்பநிலையும் அந்த ஒரே அழுத்தத்தில் 90 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும். ஒரு சுற்றில் இதுபோல் நான்கைந்து இடங்கள் இருந்து, டிஸ்க் முழுமையாக ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிட்டால், வெப்பம் படிப்படியாகச் சேர்ந்து முதலில் பேடையும் (டிஸ்க்கில் உரசி அதை நிறுத்தும் கட்டை), பேடின் வழியாகக் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி) பிஸ்டனையும், பிஸ்டனின் பின்னால் நிற்கும் பிரேக் ஆயிலையும் சென்றடைகிறது.

பிரேக் தோற்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் வேறுபடுத்தி அறிவது மிக முக்கியம். பெடல் எப்போதும்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று தரையை நோக்கி இறங்கினால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன; திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாது, ஆவியை இயலும், ஆகவே உங்கள் காலின் உழைப்பு முழுவதும் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. முதல் வகைக்கு மருந்து பேடை மாற்றுவது, இரண்டாம் வகைக்கு மருந்து ஆயிலை மாற்றுவது. இரண்டில் எதற்கும் பெரிய காலிப்பர் முதல் மருந்தல்ல.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

ஒரு சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில், காய்ந்த தரையில், தடத்திற்கு நீங்கள் பயன்படுத்தும் அதே டயர்களுடன் பிரேக்கை முழு வலுவோடு அழுத்திப் பாருங்கள். முன்சக்கரங்கள் லாக் ஆகின்றன, அதாவது சுழலாமல் நின்று வழுக்குகின்றன என்றால் உங்கள் முன்பிரேக்கின் வலு ஏற்கெனவே போதுமானது. அதற்குமேல் காரை நிறுத்துவது டயரின் பிடிதானே தவிர பிரேக் அல்ல, பிரேக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் பிடி கூடப்போவதில்லை. அத்தகைய காருக்குத் தேவைப்படுவது வெப்பத்தைத் தாங்கும் திறன், முன்பின் சமநிலை, காலுக்குத் தெளிவாகத் தெரியும் பெடல் ஆகிய மூன்றே. இந்த மூன்றையும் முதலில் சரிசெய்யாமல் பெரிய டிஸ்க் வாங்கியவர்கள், பழைய குறைகளைப் புதிய விலையில் வாங்கியவர்களாகவே முடிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரிசை என்று கேட்டால், புதிய உயர்தர ஆயில், பிறகு பேட், பிறகு ஹோஸ் (காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுசெல்லும் வளையும் குழாய்), பிறகு சமநிலை, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காலிப்பரும் டிஸ்க்கும்.

எந்தப் பிரேக் ஆயிலைப் பயன்படுத்த வேண்டும்?

டாட் என்று தொடங்கும் தரக் குறியீடுகளின் பொருளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீர் கலவாத நிலையில் டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரையிலும், டாட் 4 230 டிகிரி வரையிலும், டாட் 5.1 260 டிகிரி வரையிலும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்த நிலையில் அதே மூன்று வகைகளுக்கும் விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை முறையே 140, 155, 180 டிகிரி மட்டுமே. இரண்டு மூன்று ஆண்டுகள் காரிலேயே கிடந்த டாட் 4 ஆயிலோடு தடத்துக்குப் போகிறவர், டப்பாவில் அச்சிட்டிருக்கும் 230 டிகிரியை நம்பிப் போகிறார், ஆனால் அவருடைய குழாயில் இருப்பது அதைவிட வெகுவாகத் தாழ்ந்த கொதிநிலை.

பந்தயத்திற்கென்று செய்யப்படும் ஆயில்களில் ஈரமற்ற கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். எடை குறைந்த காருக்கு இது தாராளமாகப் போதும். அவற்றில் சில ஈரத்தை விரைவாக ஏற்கக்கூடியவை, ஆகவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முழுவதுமாக மாற்றி, ஒவ்வொரு தட நாளுக்கும் முன்னால் காலிப்பர்களில் நிற்கும் ஆயிலையாவது வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். திறந்த டப்பாவை அடுத்த முறைக்கென்று வைத்துக்கொள்ள வேண்டாம். டாட் 5 என்ற பெயரில் விற்கப்படும் சிலிக்கோன் ஆயில், 5.1 என்பதற்கு நெருங்கிய உறவு போலத் தோன்றினாலும் முற்றிலும் வேறானது. மற்ற ஆயில்களோடு கலக்கக்கூடாது, அழுத்தத்தில் சற்றுச் சுருங்கும் இயல்புடையது, ஆகவே தட ஓட்டத்திற்கு ஏற்றதல்ல.

பேடைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடை குறைந்த கார்களில் மிகுதியாகத் தவறு நடப்பது இங்கேதான். கனமான பந்தயக் கார்களுக்கென்று செய்த பேட் சிறந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணி வாங்குகிறார்கள். அந்தப் பேடுகள் நன்றாகப் பிடிக்கத் தொடங்குவதற்கே முந்நூறு டிகிரிக்கு அருகில் சூடேற வேண்டியிருக்கலாம். 1,400 கிலோ கார் அதே வேகக் குறைப்பில் ஏறத்தாழ 1,190 கிலோஜூல் வெப்பத்தை உண்டாக்கும், உங்கள் காரோ அதில் பாதியைக்கூட உண்டாக்குவதில்லை. விளைவாக, பேட் தன் வேலை வெப்பத்தை எட்டாமலேயே நாள் முழுவதும் கழிகிறது. பெடல் மரக்கட்டைபோல் இருக்கும், கார் நிற்காது, டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை-உராய்வு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, குளிர்ந்த நிலையிலேயே போதிய உராய்வைத் தந்து ஐந்நூறு டிகிரிக்கு மேலும் சரியாமல் நிற்கும் நடுத்தர வகையைத் தேர்ந்தெடுப்பதே இத்தகைய காருக்குப் பொருந்தும். காரைத் தடத்திற்குச் சாலை வழியாகவே ஓட்டிச் செல்பவர்களுக்குக் குளிர்ந்த நிலைப் பிடி என்பது வசதிக்குரிய விஷயமல்ல, உயிருக்குரிய விஷயம்.

பின்பக்கப் பேடையும் சேர்த்து எண்ணுங்கள். உராய்வுக் குணகம் 0.4 உள்ள முன்பேடை எடுத்துவிட்டு 0.5 உள்ளதைப் பொருத்தினால், முன்பிரேக்கின் வலு கால் பங்கு கூடிவிடுகிறது. பின்பக்கத்தை அப்படியே விட்டால் காரின் சமநிலையையே நீங்கள் அறியாமல் மாற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

புதிய பேட் செட் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பேடிலிருந்து மிக மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கின் முகம் முழுவதும் சீராகப் படிய வேண்டும். நடு வேகத்திலிருந்து பத்து முறை அளவோடு அழுத்தி வேகத்தைக் குறைத்து, சக்கரம் முற்றிலும் நிற்குமுன் பெடலை விட்டு, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவது பொதுவான முறை. உங்கள் பேடின் தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் பேடை அழுத்தியபடி காரை நிறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் பொருள் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பெடல் துடிக்கும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள், உண்மையில் பெரும்பாலும் அது இந்தச் சீரற்ற படிவுதான்.

பெரிய டிஸ்க் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டிஸ்க்கின் விட்டம் கூடினால் முறுக்கு விசை கூடும், இரும்பின் எடை கூடினால் வெப்பத்தை ஏற்கும் கொள்ளளவு கூடும் என்பவை உண்மை. ஆனால் அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, அதுவும் சுழலும் பாகத்தில் சேர்கிறது. 600 கிலோ காரில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கிலோவைச் சேர்ப்பது, கரடான தடத்தில் டயர் தரையைப் பற்றியிருக்கும் தன்மையைக் கெடுக்கும். 13 அங்குலச் சக்கரத்திற்குள் இடமும் குறைவு. காலிப்பருக்கும் சக்கரத்தின் உள்விளிம்புக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் வெப்பத்தில் விரியும்போது உரசும்.

வெப்பம் உண்மையிலேயே மிஞ்சுகிறது என்று தெரிந்தால், அதாவது சரியான பேடும் ஆயிலும் போட்ட பிறகும் அளவு தாண்டுகிறது என்றால், அதே விட்டத்தில் நடுவே காற்றுப் பாதை உள்ள டிஸ்க்குக்கு மாறுவது முதல் படி. காலிப்பர் அந்தக் கூடுதல் தடிமனை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தை ஊகிக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறம் மாறும் வண்ணப்பூச்சை டிஸ்க்கின் விளிம்பில் தடவினால் அன்று மாலை அதுவே சாட்சி சொல்லும்.

துளையிட்ட டிஸ்க் நல்லதா?

தட ஓட்டத்திற்கு வேண்டாம். ஒவ்வொரு துளையின் விளிம்பிலிருந்தும் வெப்ப விரிசல் தொடங்க வாய்ப்பு உண்டு. சில கோடுகள் மட்டும் வெட்டிய டிஸ்க் பேடின் முகத்தைத் துடைத்துச் சுத்தமாக வைக்கும். வெறும் டிஸ்க்கும் குறைந்ததல்ல.

நான்கு பிஸ்டன் காலிப்பர் போட்டால் பிரேக்கின் வலு கூடுமா?

பிஸ்டன்களின் எண்ணிக்கையால் வலு கூடுவதில்லை, பிஸ்டன்களின் பரப்பால்தான் கூடுகிறது. ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் உள்ள நகரும் வகைக் காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருந்தால் அதன் பரப்பு 2,290 சதுர மி.மீ. இரு பக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான வகையில் 38 மி.மீ. பிஸ்டன் நான்கு இருந்தால், கணக்கில் கொள்ள வேண்டியது ஒரு பக்கத்து இரண்டை மட்டுமே என்பதால், பரப்பு 2,268 சதுர மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பழைய இரும்புக் காலிப்பரைக் கழற்றிவிட்டு இந்த அளவுள்ள அலுமினியக் காலிப்பரைப் பொருத்தினால் நிற்கும் வலு அப்படியே இருக்கும். கிடைக்கும் நன்மைகள் வேறு: எடை குறைகிறது, பேட் சீராகத் தேய்கிறது, பேட் மாற்றுவது எளிதாகிறது, காலிப்பரின் உடல் விறைப்பாக இருந்தால் பெடல் உணர்வும் தெளிவாகிறது. இவை நல்ல காரணங்கள்தான், அவற்றுக்காக வாங்குவதில் தவறில்லை.

பரப்பு மிகுந்த காலிப்பரை வாங்கினால் நேர்வதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். என் காரில் முன்பு பொருத்தப்பட்ட காலிப்பர்களின் பிஸ்டன் பரப்பு பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். விற்றவர் அதைச் சிறப்பாகவே சொன்னார், நானும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கூடுதல் பரப்பை நகர்த்த அதே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அழுத்தும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் சிலிண்டர்) அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருந்ததால் பெடல் பாதிக்கும் கீழே இறங்கியது. முன்சக்கரங்களோ எளிதாக லாக் ஆயின. பின்சக்கரங்கள் தங்கள் பங்கைச் செய்யும் முன்பே முன்பக்கம் வழுக்கியதால், முன்பைவிட அதிகத் தூரத்தில்தான் கார் நின்றது. பழைய காலிப்பரைத் திரும்பப் பொருத்தி, பேடை மட்டும் மாற்றிய அன்றுதான் அந்தக் கார் ஒழுங்காக நின்றது.

மாஸ்டர் சிலிண்டரின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். பெடலின் நெம்பு விகிதம் 5-க்கு 1 என்றும், கால் தரும் விசை 300 நியூட்டன் என்றும் கொண்டால் சிலிண்டரைத் தள்ளும் விசை 1,500 நியூட்டன். 19 மி.மீ. துளையுள்ள சிலிண்டரில், அதாவது முக்கால் அங்குலச் சிலிண்டரில், பரப்பு 285 சதுர மி.மீ., கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 53 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 22.2 மி.மீ. துளையானால் பரப்பு 387 சதுர மி.மீ., அழுத்தம் 39 பார் மட்டுமே. சிறிய துளை அதிக அழுத்தத்தைத் தரும், ஆனால் பெடல் நீளமாக இறங்கும். பெரிய துளையில் பெடல் குறைவாகவே இறங்கும், கெட்டியாகவும் இருக்கும், ஆனால் மிதிக்க வலு வேண்டும். கெட்டியான பெடலை நல்ல பிரேக் என்று தவறாக எண்ணிப் பெரிய சிலிண்டருக்கு மாறுகிறவர்கள் உண்டு.

மேலே சொன்ன 53 பார் அழுத்தத்தை, 2,268 சதுர மி.மீ. பரப்புள்ள காலிப்பரிலும், 0.4 உராய்வுள்ள பேடிலும், டிஸ்க்கின் மையத்திலிருந்து 100 மி.மீ. தூரத்தில் செயல்படும் விசையிலும் பொருத்தினால் ஒரு முன்சக்கரத்தில் 950 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் முறுக்கு விசை கிடைக்கிறது. 600 கிலோ கார் ஈர்ப்பு முடுக்கத்திற்கு இணையான அளவில் வேகம் குறைய, 28 செ.மீ. ஆரமுள்ள முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 580 நியூட்டன் மீட்டரே தேவை. அதாவது 180 நியூட்டன் கால்விசை போதும், பெடலின்மேல் 18 கிலோ எடையை வைப்பதற்கு அது சமம். சர்வோ இல்லாமலேயே எடை குறைந்த கார் எளிதாக நிற்கும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பெடல் மிகவும் கனமாக இருக்கிறது என்று சொல்பவர்களின் காரில் நான் முதலில் பார்ப்பது, மூலக் காரின் சர்வோவை மட்டும் எடுத்துவிட்டு அதன் பெரிய மாஸ்டர் சிலிண்டரையும் குறைந்த பெடல் விகிதத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்களா என்பதை. சர்வோவுக்கென்று வகுத்த விகிதம் 3 அல்லது 4-க்கு 1 ஆகவே இருக்கும். சர்வோ இல்லாத காருக்கு 5 அல்லது 6-க்கு 1 வேண்டும்.

முன்பின் சமநிலை எப்படி இருக்க வேண்டும்?

முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னதாக லாக் ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும், பெடலைச் சற்றுத் தளர்த்தினால் மீண்டும் பிடிக்கும். பின்சக்கரம் முதலில் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அந்தக் கணத்தில் பெரும்பாலான ஓட்டுநர்களால் ஒன்றும் செய்ய இயலாது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. சக்கர இடைவெளி 2.3 மீட்டர், எடை மையத்தின் உயரம் 45 செ.மீ., நிற்கும்போது எடை முன்னும் பின்னும் சரிபாதி என்று கொண்டால், காய்ந்த தரையில் முழு வேகக் குறைப்பின்போது ஏறத்தாழ 117 கிலோ பின்னிருந்து முன்னே மாறி, விகிதம் 70-க்கு 30 ஆகும். மழையில் அதில் பாதி வேகக் குறைப்பே கிடைக்கும்போது விகிதம் 60-க்கு 40 மட்டுமே. ஆகவே காய்ந்த தரைக்குச் சரியாக அமைத்த கார் மழையில் முன்பக்கம் அளவுக்கு மீறி லாக் ஆகும். அது பாதுகாப்பான பக்கத்துத் தவறு. மழைக்கென்று பின்பக்கம் கூட்டி வைத்துவிட்டு, தரை காய்ந்தபின் பழைய நிலைக்குத் திருப்ப மறப்பதுதான் ஆபத்தானது.

மூலக் கார் முன்பக்கம் கனத்த, உயரமான காராக இருந்திருக்கும். அதன் பிரேக் பங்கீடும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். உங்கள் காரில் பின்சக்கரங்கள் தாங்கும் எடை அதைவிட விகிதத்தில் மிகுதி என்பதால், மூலக் காரின் பிரேக்கை அப்படியே பொருத்தும்போது பின்சக்கரங்கள் பாதி வேலையே செய்கின்றன. இத்தகைய காரில் பின்பக்கத்தைச் சற்று வலுப்படுத்துவதே நிற்கும் தூரத்தைக் குறைக்கும். முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்குவது நேர் எதிரான விளைவைத் தரும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: 80 கிலோ பயணி ஒருவரும், பின்னச்சுக்குப் பின்னாலுள்ள பெட்ரோல் தொட்டியும் இவ்வளவு இலேசான காரின் பங்கீட்டையே மாற்றக்கூடியவர்கள். தொட்டி காலியாக, தனியாக ஓட்டும் நிலைதான் பின்சக்கரம் முதலில் லாக் ஆக மிகுந்த வாய்ப்புள்ள நிலை, அந்த நிலையில்தான் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும்.

பேலன்ஸ் பார் சிறந்ததா, அழுத்தம் குறைக்கும் வால்வு சிறந்ததா?

வால்வு எளிது, விலையும் குறைவு. பின்பக்கக் குழாயில் மட்டுமே பொருத்த வேண்டும், முன்பக்கத்தில் ஒருபோதும் கூடாது. மூலக் காரிலிருந்து வந்த வால்வு அந்தக் காரின் எடைக்கு அமைக்கப்பட்டது என்பதால் அதை எடுத்துவிட்டே புதியதைப் பொருத்த வேண்டும், இரண்டையும் வரிசையாக வைத்தால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகும்.

இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களை ஒரு பேலன்ஸ் பாரால் இணைக்கும் முறையில் நுட்பமாக அமைக்கலாம். ஆனால் காலின் விசை இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே உடலில் இரு அறைகள் கொண்ட 19 மி.மீ. சிலிண்டர் இருந்த இடத்தில் இரண்டு தனித்தனி 19 மி.மீ. சிலிண்டர்களை வைத்தால் அழுத்தம் பாதியாகிவிடும். 15.9 மி.மீ. துளையும் 6-க்கு 1 விகிதமும் கொண்டால் அதே 300 நியூட்டனுக்கு ஒவ்வொன்றிலும் 45 பார் கிடைக்கும். பெடல் முழுவதும் அழுத்தப்பட்ட நிலையில் பேலன்ஸ் பார் ஏறத்தாழ நேராக நிற்கும்படி தள்ளுதண்டுகளை அமைக்க வேண்டும். ஒரு பக்க ஆயில் வெளியேறிவிட்டாலும் மறுபக்கம் வேலை செய்யும் அளவுக்குப் பேலன்ஸ் பார் சாய இடமிருக்கிறதா என்பதை, ஒரு நிப்பிளைத் (காலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) திறந்துவைத்துப் பெடலை அழுத்திச் சோதிக்க வேண்டும்.

ஹோஸ்களையும் இணைப்புகளையும் பற்றிக் கவனிக்க வேண்டியவை எவை?

எஃகு இழை பின்னிய ஹோஸ் அழுத்தத்தில் வீங்காது என்பதால் பெடல் உறுதியாகும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, சஸ்பென்ஷனை முழுவதும் தொங்கவிட்டும் அமுக்கியும் ஹோஸ் எங்கும் இழுபடாமலும் உரசாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். செப்பு வாஷர்களை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். தூய செம்புக் குழாய் அதிர்வில் இறுகி விரிசல் விடக்கூடியது, செம்பு-நிக்கல் கலவைக் குழாயே நல்லது.

கிட் காருக்கே உரிய ஆபத்து ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஊற்றுகளிலிருந்து பாகங்கள் வந்து சேர்வதால், 10 மி.மீ. மெட்ரிக் மரையும் எட்டில் மூன்று பங்கு அங்குல மரையும் ஒரே காரில் கலந்திருக்கும். அவற்றின் விட்டமும் மரை இடைவெளியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அங்குல நட் மெட்ரிக் துளையில் ஏறிவிடும், கையில் இறுகியதுபோலவும் இருக்கும், முழு அழுத்தம் வரும் நாளில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். குழாய் முனையை விரிக்கும் ஃப்ளேர் வடிவங்களும் இரண்டு வகை, ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. ஒவ்வொரு இணைப்பையும் மரை அளவியால் சோதித்த பிறகே பொருத்துங்கள்.

பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுத்த பிறகும் பெடல் பஞ்சுபோல அமுங்குவது ஏன்?

முதலில் காலிப்பர்களைப் பாருங்கள். இடமும் வலமும் மாற்றிப் பொருத்தியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், மேலே தங்கும் காற்று எத்தனை லிட்டர் ஆயிலை ஓட்டினாலும் வெளியேறாது. நிலையான காலிப்பர்களில் உள்ளும் புறமுமாக இரண்டு நிப்பிள்கள் இருந்தால் இரண்டிலும் எடுக்க வேண்டும். அவற்றில் குறையில்லையென்றால், ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பெடல் பெட்டியைக் கவனியுங்கள். மெல்லிய தகட்டின்மேல் பொருத்தப்பட்ட மாஸ்டர் சிலிண்டர் முன்னே நகர்வது கண்ணுக்கே தெரியும். அந்தத் தகட்டுக்கு ஒரு தாங்கு கம்பி வைத்துப் பற்றவைப்பது, விலையுயர்ந்த காலிப்பரைவிடப் பெடலுக்கு அதிக நன்மை செய்யும். பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் இதே உணர்வு வரும்.

தட ஓரக் கட்டையில் ஏறி இறங்கிய பின் முதல் அழுத்தத்தில் மட்டும் பெடல் நீளமாக இறங்குகிறது. இதுவும் காற்றுதானா?

அல்ல. சக்கர பேரிங்கில் தளர்வு இருந்தாலோ, ஹப் (சக்கரம் பொருந்தும் மையப் பாகம்) வளைந்து கொடுத்தாலோ, டிஸ்க் ஆடிப் பேடுகளைப் பிஸ்டனோடு உள்ளே தள்ளிவிடுகிறது. நிலையான காலிப்பர்களில் இது கூடுதலாகத் தெரியும். பேரிங்கைச் சரிசெய்து, டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் அளவியால் அளந்து பாருங்கள். அதுவரை, பிரேக் பிடிக்கும் இடத்திற்கு முன்பே நேர்ப்பாதையில் இடது காலால் பெடலை இலேசாகத் தொட்டுப் பேடுகளை மீண்டும் டிஸ்க்கின் அருகே கொண்டுவரும் பழக்கம் உதவும்.

குளிர்காற்றுக் குழாய் தேவையா?

சக்கரங்கள் வெளியே திறந்து நிற்கும் கார்களில் பெரும்பாலும் தேவையில்லை, மூடிய உடலுள்ள கார்களில் தேவைப்படலாம். பொருத்துவதானால் காற்று டிஸ்க்கின் வெளிமுகத்தில் ஒரு பக்கம் மட்டும் படாமல் அதன் மையத்திற்குச் செல்ல வேண்டும், அங்கிருந்துதான் நடுப்பாதை வழியாக வெளியே வீசப்படும்.

மாற்றங்களுக்குப் பிறகு முதல் சோதனையை எப்படிச் செய்வது?

கார் நின்ற நிலையிலேயே பெடலை முழு வலுவோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துக் கசிவு உண்டா என்று பாருங்கள். பெடல் மெதுவாகவேனும் கீழிறங்கினால் அன்று கார் நகரக்கூடாது. பிறகு நடக்கும் வேகத்தில், பிறகு மணிக்கு 30 கிலோமீட்டரில், பிறகு 60-இல் என்று கூட்டிக்கொண்டே போய், ஒருவரை வெளியே நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்சக்கரம் தெரியாது, உணர்வை நம்பிச் சமநிலையை அமைக்க வேண்டாம்.

தட நாளன்று என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் சுற்றைப் பேட் சூடேறவும், கடைசிச் சுற்றை டிஸ்க் ஆறவும் ஒதுக்குங்கள். நிறுத்திய பிறகு கைபிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான பேடும் டிஸ்க்கும் ஒட்டியபடி ஆறினால் முன்பு சொன்ன படிவு அங்கேயும் உண்டாகும். ஓட்டங்களுக்கு நடுவே பேடின் கனத்தைப் பாருங்கள். பாதிக்குக் கீழே தேய்ந்த பேட் சாலைக்கு இன்னும் போதுமானதாக இருந்தாலும், வெப்பத்தைத் தடுக்கும் சுவர் மெலிந்துவிடுவதால் ஆயிலைக் கொதிக்க வைக்கும். மாற்றுப் பேட் ஒரு தொகுதியும், திறக்காத ஆயில் டப்பா ஒன்றும் கருவிப் பெட்டியில் இருக்கட்டும். பெடலின் உயரம் காலையில் இருந்ததைவிடச் சற்றே மாறியிருந்தால்கூட அடுத்த ஓட்டத்திற்குப் போகாமல் சக்கரங்களைக் கழற்றிப் பாருங்கள். மீண்டும் காற்று எடுக்கும்போது ஆயில் சிந்திய இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள், அது பெயின்டைத் தின்றுவிடும்.